வாடைக்காத்தும் வலசைப் பறவையும்: ராமநாதபுரம் கடற்கரைக்கு வர்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஐப்பசி பாதி தாண்டினதுமே போன்ல, வாட்ஸப்ல இதே கேள்விங்கதான் திரும்பத் திரும்ப வருது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதை விட மொத்தமா எழுதி வச்சுட்டா எல்லாருக்கும் ஆகும்னு எழுதியிருக்கேன். தேவையானதை மட்டும் படிச்சுக்கலாம், ஆனா ‘எவ்வளவு கிட்ட போகலாம்’ங்கிற கேள்விக்கான பதிலை மட்டும் தயவுசெஞ்சு எல்லாரும் படிச்சுட்டு வாங்க.

எந்த மாசம் வந்தா நல்லா இருக்கும்?

பொதுவா அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும்னு சொல்வாங்க, என்னைக் கேட்டா தையும் மாசியும்தான். உள்ளான் (சேத்துலயும் கரையோரத்துலயும் மேயுற பறவைங்க) கூட்டம் ஆகஸ்ட்லயே இறங்க ஆரம்பிச்சுடும், முதல்ல வளந்த பறவைங்க வரும், அப்புறம் செப்டம்பர் அக்டோபர்ல அந்த வருஷம் பொரிச்ச குஞ்சுங்க வந்து சேரும், பொறந்து சில மாசமே ஆன உயிரு இதுவரைக்கும் பாத்தே இருக்காத கடற்கரையைத் தேடி வந்து இறங்குது, இதை நினைச்சாலே எனக்கு இன்னைக்கும் மலைப்பாதான் இருக்கு. ஆனா ஐப்பசி கார்த்திகையில மழை, காத்தழுத்தம், புயல் எச்சரிக்கைன்னு எப்ப என்ன ஆகும்னு சொல்ல முடியாது, எங்க பாத்தாலும் தண்ணி நிக்கிறதால பறவைங்களும் சிதறிக் கிடக்கும். பொங்கல் கழிஞ்சு மழை விட்டதும் தண்ணி வத்த வத்த சேறும் மணல் திட்டும் வெளிய தெரியும், எல்லாக் கூட்டமும் அங்கதான் வந்து இறங்கும். மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம் வர முடிஞ்சா அது வேற மாதிரி அழகு, கிளம்புறதுக்கு முன்னாடி உடுப்பு மாத்தும், குளிர் முழுக்க சாம்பலா நின்ன கர்லூ சாண்ட்பைப்பர்ங்கிற உள்ளான் எல்லாம் செங்கல் கலருக்கு மாறி நிக்கும்.

தீவுக்குள்ள போய் பாக்க முடியுமா? படகுக்காரர் யாராவது தெரியுமா அண்ணே?

தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன், கோவிச்சுக்காதீங்க. மன்னார் வளைகுடாவுல ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல வரிசையா இருக்கிற 21 தீவுங்களும் 1986-ல கடல்சார் தேசியப் பூங்காவா அறிவிச்சது (அதுல ரெண்டு தீவு இப்போ தண்ணிக்குள்ள போயிடுச்சு). அனுமதி இல்லாம இறங்கக்கூடாது, இறங்கினா கேஸ். மண்டபம் பக்கம் மட்டும் ஏழு தீவு இருக்கு, சிங்கிள், குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலிபுட்டி, மனோலி, முயல் தீவு. இதுல மனோலியும் முயல் தீவும் அதைச் சுத்தின மணல் பரப்பும்தான் உள்ளான் கூட்டம் தங்குற பெரிய இடம். 1980கள்ல பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இந்தப் பக்கத் தீவுகள்ல பறவைக்கு வளையம் போட்டு ஆராய்ச்சி பண்ணினதுனாலதான் நமக்கு இவ்வளவாச்சும் தெரியும்.

வனத்துறையே பாம்பன் பக்கம் குந்துகால்ல இருந்து குருசடைக்கு படகு விடுறாங்க, காத்து, கடல் நிலைமையைப் பொறுத்து நிறுத்தவும் செய்வாங்க, வர்றதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. அதுல போகலாம், அது முறையானது. ‘கொஞ்சம் சேத்துக் குடுத்தா மனோலில இறக்கி விடுவாங்க’ங்கிற கதையை மட்டும் நம்பாதீங்க. கரையில எல்லா இடத்துலயும் வண்டியும் நாயும் ஆளும் இருக்கு, அந்தப் பறவைங்களுக்குத் தொந்தரவே இல்லாம கால் ஊணி நிக்க மிச்சம் இருக்கிற இடம் அந்தத் தீவுங்க மட்டும்தான், அது பூட்டியே இருக்கட்டும்.

அப்போ கரையில நின்னு என்னத்தைப் பாக்குறது?

நிறைய பாக்கலாம். சொல்லப்போனா கடல்ல ஏத்தம் வந்து திட்டு மூழ்கினா தீவுல இருக்கிறதுல பாதி கரையோர உப்பங்கழிக்குத்தான் வரும்.

முதல் இடம் தனுஷ்கோடி. ராமேஸ்வரத்துல இருந்து கோதண்டராமர் கோயில் திருப்பம் தாண்டினதுல இருந்தே ரோட்டுக்குப் பக்கத்துல ஆழமில்லாத தண்ணி தெரியும், அங்க மெதுவா ஓட்டுங்க. பழைய தனுஷ்கோடியில, அதான் 1964 டிசம்பர் புயல்ல அழிஞ்ச ஊர் இருந்த இடத்துல, இடிஞ்ச சர்ச் பக்கம் டூரிஸ்ட் கூட்டம் இருக்கும், அங்க நிக்க வேணாம். அங்க இருந்து அரிச்சல்முனை வரைக்கும் 2017-ல போட்ட ரோடு, ரெண்டு பக்கமும் கடல், காலையில வெள்ளனப் போனா ரோட்டோரத்துலயே ஆலா (டெர்ன்ங்கிற கடல் பறவை) கூட்டம் காத்தைப் பாத்து வரிசையா உக்காந்திருக்கும். கரைவலை இழுக்கிறதைப் பாத்தீங்கன்னா அங்க வண்டியை நிறுத்திடுங்க. வலை கரையை நெருங்க நெருங்க எங்கிருந்து வருதுன்னே தெரியாம கடல்காக்கா, செம்பருந்து, ஆலா எல்லாம் வந்து கூடும், காஸ்பியன் ஆலாவை அங்கதான் கிட்டத்துல பாக்கலாம், ஆலாவுலயே பெருசு, நல்ல சிவப்புக் கேரட்டை மூஞ்சில சொருகி வச்ச மாதிரி அலகு, அதை ஒரு தடவை பாத்தா மறக்க மாட்டீங்க.

ரெண்டாவது மண்டபம், பிள்ளைமடம் பக்கம் இருக்கிற உப்பங்கழி. மூணாவது வாலிநோக்கம், உப்பளமும் கழியும் சேந்த இடம், உப்பளத்துல வேலை பாக்குறவங்ககிட்ட சொல்லிட்டு வரப்பு மேல நடந்தா நெடுங்கால் உள்ளான், பவளக்காலி, கொசு உள்ளான் எல்லாம் சாவகாசமா பாக்கலாம். வடக்க தொண்டிப் பக்கம் காரங்காடு இருக்கு, அங்க ஊர்க்காரங்களும் வனத்துறையும் சேந்து அலையாத்திக் காட்டுக்குள்ள படகு விடுறாங்க, வயசானவங்க கூட வந்தா அதான் வசதி.

பூநாரை (ஃபிளமிங்கோ) கண்டிப்பா பாத்துடலாமா? அதுக்காகத்தான் சென்னையில இருந்து வர்றோம்

கண்டிப்பான்னு யாரும் சொல்ல முடியாதுங்க. மழை எப்படிப் பெஞ்சுது, கழியில தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு பாத்துதான் அது வரும், முழங்கால் அளவுக்குத் தண்ணி, அடியில சேறு, சேத்துல சின்ன உயிருங்க இருக்கணும். ஆழம் கூடினா வேற கழிக்குப் போயிடும். சாதாரணமா டிசம்பர் ஜனவரிக்கு மேல மார்ச் வரைக்கும் வாய்ப்பு அதிகம். 2025 ஜூன்ல தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில சுமார் 524 ஹெக்டேரை பெரும் பூநாரை சரணாலயமா அறிவிச்சிருக்கு, இது ரொம்ப நாளா எதிர்பாத்தது, எனக்கு ரொம்ப சந்தோஷம்.

பாத்தீங்கன்னா சும்மா போட்டோ எடுத்துட்டு கிளம்பாதீங்க, சாப்பிடுறதைக் கொஞ்ச நேரம் பாருங்க. தலையை முழுசாக் கவுத்து அலகோட மேல்பக்கம் கீழ வர்ற மாதிரி தண்ணிக்குள்ள விடும், நாக்கை வச்சு பம்ப் அடிக்கிற மாதிரி தண்ணியை உறிஞ்சி வெளிய தள்ளி உள்ள சிக்குறதைத் தின்னும், ஒரே இடத்துல நின்னு காலால சேத்தை மிதிச்சு கலக்கி விடும். சின்ன வயசுப் பறவைக்கு ரோஸ் கலர் இருக்காது, அழுக்குச் சாம்பலா இருக்கும், அதைப் பாத்துட்டு ‘நோய் வந்த பறவை’ன்னு சொல்லாதீங்க. ரோஸ் கலரே தின்ற தீனியில இருந்து வர்றதுதான்.

காத்து ரொம்ப அடிக்குமாமே, பறவை பாக்கவே முடியாதுன்னு சொல்றாங்க?

வாடை அடிக்கத்தான் செய்யும். வடகிழக்குல இருந்து வர்ற காத்து, மார்கழியில வடகடல் அதான் பாக் ஜலசந்திப் பக்கம் கலங்கி வெள்ளையாப் பொங்கும், அதே நேரம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தென்கடல் அமைதியாக் கிடக்கும். தென்மேற்குல இருந்து கச்சான் காத்து அடிக்கிற காலத்துல இது அப்படியே மாறும், ஆனா அப்போ நீங்க வரப்போறதில்லை. அதனால வாடை கடுமையா இருக்கிற அன்னைக்கு தென்கடல் பக்கம் மறைவுல தேடுங்க, பறவையும் அங்கதான் ஒதுங்கியிருக்கும், சவுக்கு, சீமைக் கருவேலம் இருந்தா அதுக்குப் பின்னாடி நீங்களும் ஒதுங்கலாம்.

இந்தக் காத்துல ஒரு நல்லதும் இருக்கு, இதை யோசிச்சுப் பாத்து நில்லுங்க. உக்காந்திருக்கிற பறவை எப்பவும் காத்தைப் பாத்துத்தான் உக்காரும், இல்லைன்னா இறகு கலைஞ்சு குளிர் உள்ள போயிடும். வாடைன்னா எல்லாம் வடகிழக்கு பாத்து உக்காந்திருக்கும். காலையில சூரியன் தென்கிழக்குல. அப்போ நீங்க கூட்டத்துக்குக் கிழக்குப் பக்கமா நின்னீங்கன்னா வெயில் உங்க முதுகுல விழும், பறவை மூஞ்சி உங்களைப் பாக்கும், அலகு, கண்ணு, கால் எல்லாம் தெளிவாத் தெரியும். சாயங்காலம் வந்தா வெயில் மேற்குல, பறவை கிழக்குல திரும்பி இருக்கும், ஒண்ணு முதுகு பாக்கணும் இல்லைன்னா கண்ணு கூசணும். அதனாலதான் எல்லார்கிட்டயும் காலையிலேயே வாங்கன்னு சொல்றேன்.

ட்ரைபாடை முழு உயரத்துக்கு நீட்டாதீங்க, ஆடும். கீழ உக்காந்து, காலைக் குட்டையாக்கி, நடுவுல பையைத் தொங்க விட்டா ஆடாது.

ஏத்தம் வத்தம் பாத்துட்டுத்தான் வரணுமா?

ஆமா. கடல் தண்ணி ஏறுறது ஏத்தம், இறங்குறது வத்தம், ஆனா நம்ம பக்கம் ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இருக்காது, ஒரு மீட்டருக்குள்ளதான். குஜராத் கரையில மாதிரி கடல் கிலோமீட்டர் கணக்குல பின்வாங்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாட்கள்ல வித்தியாசம் கூட இருக்கும், அப்போ வந்தா நல்லது. வத்தத்துல பறவைங்க பரந்து நின்னு மேயும், ஏத்தத்துல மேட்டுல ஒண்ணா நெருக்கி ஓய்வெடுக்கும். எண்ணணும்னா ஏத்தத்துலயும், ஒவ்வொண்ணும் என்ன பண்ணுதுன்னு பாக்கணும்னா வத்தத்துலயும் வாங்க. காத்தும் தண்ணியைத் தள்ளும்கிறதால டைட் டேபிள் சொல்ற நேரம் அப்படியே பொருந்தாது, அங்க இருக்கிற மீனவர் அண்ணன் யாரையாவது கேளுங்க, தண்ணியைப் பாத்தே சொல்லிடுவாங்க.

எல்லாமே சாம்பல் கலர்ல ஒரே மாதிரி இருக்கு, எப்படிப் பிரிச்சுப் பாக்குறது?

கலரை விட்டுடுங்க. முதல்ல நடையைப் பாருங்க.

உப்புக்கொத்தி வகை எல்லாம் கண்ணால வேட்டையாடும், பெரிய கண்ணு, சின்ன அலகு. நாலடி ஓடும், சட்டுன்னு நிக்கும், பாக்கும், ஒரு கொத்து, திரும்ப ஓடும். உள்ளான் வகை பெரும்பாலும் தலையைக் குனிஞ்ச மேனிக்கு நடந்துக்கிட்டே அலகைச் சேத்துக்குள்ள விட்டு விட்டு எடுக்கும், அலகு நுனியிலேயே உணர்ச்சி இருக்கு, பாக்காமலே புழுவைக் கண்டுபிடிச்சுடும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

அப்புறம் அலகு. சிட்டுக்குருவி சைஸ்ல இருந்துக்கிட்டு தையல் மெஷின் வேகத்துல கொத்துதுன்னா கொசு உள்ளான். அலகு நீளமா லேசாக் கீழ வளைஞ்சிருந்தா கர்லூ சாண்ட்பைப்பர். ரொம்ப நீளமா நேரா லேசா மேல தூக்கியிருந்தா மூக்கன், அதுல பட்டைவால் மூக்கனும் நம்ம மணல் திட்டுக்கு வரும். 2022-ல அந்த இனத்தைச் சேந்த ஒரு இளம் பறவை அலாஸ்காவுல இருந்து ஆஸ்திரேலியாவுல டாஸ்மேனியா வரைக்கும் 13,560 கிலோமீட்டரை 11 நாள்ல எங்கயும் இறங்காம பறந்துச்சு, நம்ம கரைக்கு வர்றது வேற பாதை ஆனா உடம்பு அதே உடம்புதான். குட்டையான உடம்பு, மேல் நோக்கி வளைஞ்ச நீளமான அலகு, ஆரஞ்சு கால், ஓடிக்கிட்டே இருந்தா டெரெக் சாண்ட்பைப்பர்.

மண் உப்புக்கொத்திங்களைப் பிரிக்கிறதுதான் கஷ்டம், புதுசா வர்றவங்க முதல் நாளே இதுல மாட்டிக்க வேணாம். சின்ன மண் உப்புக்கொத்தி, பெரிய மண் உப்புக்கொத்தின்னு வகை உண்டு, எல்லாம் சேந்தே நிக்கும், பெருசுக்கு அலகு தடிச்சு நீளமா இருக்கும், கால் பச்சை மஞ்சளா இழுக்கும். சின்னதை 2023-ல இ-பேர்டு (பறவை பாக்குறவங்க பதிவு போடுற இணையதளம்) ரெண்டு இனமா பிரிச்சுட்டாங்க, நம்ம பக்கம் வர்றது பெரும்பாலும் திபெத் பக்கத்து இனம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கல்திருப்பி உள்ளான். கரையில தாழை (கடல் புல்லைத்தான் இங்க அப்படிச் சொல்வோம்) ஒதுங்கி, காஞ்சு கருப்பாக் குமிஞ்சு கிடக்கும்ல, அங்க போய்ப் பாருங்க. அலகைக் குமிச்சலுக்கு அடியில சொருகி, நெஞ்சைக் குடுத்துத் தள்ளி, ஒரே உந்துல புரட்டிப் போடும், அடியில இருந்து குதிக்கிற பூச்சியை அது தாவிப் பிடிக்கிறதுக்குள்ள பக்கத்துல நிக்கிற இன்னொண்ணு எடுத்துடும், ரெண்டுக்கும் சண்டை வந்து கழுத்தை நீட்டிக்கிட்டுத் துரத்தும். நெஞ்சுல கருப்புப் பட்டை, குட்டையான ஆரஞ்சு கால். அசையாம உக்காந்தா கிட்ட வந்து புரட்டும். ‘கடற்கரையைச் சுத்தம் பண்றோம்’னு தாழையையும் சேத்து அள்ளிடுறாங்க, பிளாஸ்டிக்கையும் வலைத் துண்டையும் மட்டும் அள்ளுங்க, தாழை அதுங்களோட சாப்பாட்டுத் தட்டு.

கருப்பு வெள்ளையா, தடிச்ச அலகோட ஒரு பறவை போட்டோல பாத்தேன், அது இங்க இருக்கா?

அது நண்டுதின்னி, க்ராப் ப்ளோவர். இருக்கு, இந்தத் தீவுங்கதான் இந்தியாவுல அதைப் பாக்கக் கூடிய நல்ல இடங்கள்ல ஒண்ணு, சில நாள் தனுஷ்கோடி திட்டுலயும் தெரியும். அதோட குடும்பத்துல அது ஒரே ஒரு இனம்தான், நெருங்கின சொந்தம்னு சொல்ல வேற உள்ளானே கிடையாது. அரபு நாட்டுக் கடற்கரைப் பக்கம் மணல்ல வளை தோண்டி முட்டை வைக்கும், பெரும்பாலும் ஒரே ஒரு வெள்ளை முட்டை, வளைக்குள்ள இருக்கிற மண் சூடே அடைகாக்குறதுல பாதி வேலையைப் பாத்துடும். இங்க வந்த பிறகும் குஞ்சு தாய் பின்னாடியே கெஞ்சிக்கிட்டுத் திரியும். நண்டைப் பிடிச்சு உலுக்கி காலைப் பிச்சுப் போட்டுட்டு முழுங்கும், சின்னதுன்னா அப்படியே.

என்ன பைனாகுலர் வாங்கலாம்?

8×42, அதாவது எட்டு மடங்கு பெருசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர். கேமரா இருக்குன்னு பைனாகுலர் இல்லாம வராதீங்க. ஸ்கோப் (ட்ரைபாட்ல வச்சு ஒத்தைக் கண்ணால பாக்குற தொலைநோக்கி) யார்கிட்டயாவது இருந்தா கூட சேந்துக்கோங்க, இந்த மாதிரி வெட்டவெளியில அதுதான் கை குடுக்கும். வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால துடைக்கணும், உப்புக்காத்து எதையும் விட்டு வைக்காது. மணல் ஒட்டின லென்ஸைத் தேய்க்காதீங்க, முதல்ல ஊதுங்க.

பறவைக்கு எவ்வளவு கிட்ட போகலாம்? ட்ரோன் பறக்க விடலாமா?

மீட்டர் கணக்கு சொல்லமாட்டேன், பறவையே சொல்லும். மேஞ்சுக்கிட்டு இருந்தது தலையைத் தூக்கிட்டா நில்லுங்க. ஒண்ணு ரெண்டு நடக்க ஆரம்பிச்சா பின்னாடி வாங்க. பறந்துட்டா ரொம்பக் கிட்ட போயிட்டீங்கன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

மேட்டுல தலையைச் சொருகிக்கிட்டு நிக்கிற கூட்டத்தைப் பாத்து ‘சும்மாதானே நிக்குது, பறக்கட்டும், நல்ல ஷாட் கிடைக்கும்’னு குழந்தையை விட்டு ஓட விடுறவங்களை வருஷா வருஷம் பாக்குறேன், நெஞ்சு எரியுது. சும்மா நிக்கலைங்க அது. இமயமலையைத் தாண்டி, சைபீரியாவுல இருந்து வந்து இங்க நிக்கிற 25 கிராம் உடம்பு, மார்ச் ஏப்ரல்ல அதே தூரம் திரும்பப் போகணும், அதுக்கு உடம்பைத் தேத்திக்கிற வேலைதான் இந்த ஆறு மாசமும். ஒரு நாளைக்கு மேயக் கிடைக்கிறது வத்தம் இருக்கிற சில மணி நேரம், மிச்ச நேரம் சேத்ததைச் செலவழிக்காம நிக்கணும். ஒவ்வொரு தடவை கிளப்பி விடும்போதும் அதுல கொஞ்சம் போயிடுது. உங்களுக்கு ஒரு தடவைதான், ஆனா ஞாயித்துக்கிழமை உங்களுக்குப் பின்னாடி நாப்பது கார் வருது.

கிட்ட பாக்கணும்னா ஒரே வழி, வத்தம் முடிஞ்சு தண்ணி ஏற ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போய் ஒரு இடத்துல உக்காந்துடுங்க. கலர் சட்டை வேணாம், எழுந்திரிக்க வேணாம். தண்ணி ஏற ஏற அதுங்களே மேய்ஞ்சுக்கிட்டு உங்க பக்கம் தள்ளி வரும். முடிஞ்சதும் குனிஞ்ச மேனிக்கு மெதுவாப் பின்வாங்குங்க.

ட்ரோன் கூடவே கூடாது. பறவைக்கும் ஆகாது, இது எல்லைப் பகுதி, உச்சிப்புளியில கடற்படை விமான தளம் வேற இருக்கு.

போலீஸ் புடிச்சுக் கேப்பாங்களா?

கேப்பாங்க, கேக்கட்டும். பெரிய லென்ஸோட கடலைப் பாத்து நின்னா மரைன் போலீஸோ கடற்படைக்காரங்களோ வந்து விசாரிக்கிறது சகஜம். ஆதார் கார்டு வச்சிருங்க, எடுத்த போட்டோவைக் காட்டுங்க, பறவை புத்தகம் ஒண்ணு கையில இருந்தா இன்னும் நல்லது. படகுத்துறை, ரேடார், கப்பல் பக்கம் கேமராவைத் திருப்பாதீங்க. சாயங்காலத்துக்கு மேல அரிச்சல்முனை ரோட்டுல நிக்க விடமாட்டாங்க.

குழந்தைங்க, பெரியவங்களோட வரலாமா? பாத்ரூம் வசதி?

வரலாம்மா. ஆனா ராமேஸ்வரத்துலயே எல்லாம் முடிச்சுட்டு வாங்க, அங்க போனா ஒண்ணும் இருக்காது. தண்ணி, தொப்பி, காதை மூடுற துணி கண்டிப்பா, வெயிலை விட காத்துதான் பிள்ளைங்களைச் சோர வச்சுடும். கழிக்குள்ள இறங்க விடாதீங்க, மேல மணல் மாதிரி இருக்கும், அடியில இடுப்பளவு சேறு, கார் எல்லாம் இறங்கி மாட்டியிருக்கு. அரிச்சல்முனையில குளிக்கவே கூடாது, நீரோட்டம் இழுத்துடும்.

ரெண்டு நாள் இருக்கு, கடற்கரை தவிர வேற என்ன பாக்கலாம்?

மாவட்டத்துக்குள்ள கண்மாய் சரணாலயங்களே போதும். சக்கரக்கோட்டை ராமநாதபுரம் டவுனை ஒட்டியே இருக்கு, நயினார்கோவில் பக்கம் தேர்த்தங்கல், ரெண்டும் 2025-ல ராம்சார் பட்டியல்ல, அதான் உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேந்துச்சு. முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சாயல்குடி பக்கம் மேலசெல்வனூர் கீழசெல்வனூர். நல்ல மழை வருஷம்னா கருவேல மரம் தெரியாத அளவுக்கு மஞ்சமூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன் கூடு கட்டியிருக்கும், மழை பொய்ச்சா கண்மாய் காஞ்சு ஆடு மேயும், அதனால விசாரிச்சுட்டுப் போங்க. சுத்தி இருக்கிற ஊர்க்காரங்க பறவைக்காக தீபாவளிக்கு வெடி போடாம இருக்கிறதும் உண்டு, அங்க போய் ஹார்ன் அடிக்காதீங்க.

எண்ணினதை யார்கிட்ட குடுக்குறது? காலில வளையம் இருந்தா?

இ-பேர்டு ஆப்புல போடுங்க. பொங்கல் நாட்கள்ல தமிழ்நாடு முழுக்க பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்களையும் கூட்டிக்கிட்டு கால் மணி நேரம் நின்னு எண்ணினாக்கூட கணக்குல சேரும். ஜனவரியில வனத்துறை நீர்ப்பறவை கணக்கெடுப்பும் உண்டு, ஆள் தேவைப்படும், மாவட்ட வன அலுவலகத்துல முன்னாடியே பேர் குடுத்து வைங்க.

எண்ணும்போது பெரிய கூட்டமா இருந்தா பத்து பறவையை எண்ணி அது எவ்வளவு இடம் அடைக்குதுன்னு கண்ணால அளந்துக்கிட்டு, அதே அளவை அப்படியே நகத்திக்கிட்டே போங்க. ‘ஆயிரக்கணக்கு’ன்னு எழுதாதீங்க, சுமாரா இருந்தாலும் ஒரு நம்பர் எழுதுங்க.

வளையமோ கலர் பட்டையோ தெரிஞ்சா எந்தக் கால், முட்டிக்கு மேலயா கீழயா, என்ன கலர், மேல எது கீழ எது, எழுத்து இருந்தா என்ன எழுத்து, இவ்வளவும் குறிச்சுக்கோங்க, மங்கலா இருந்தாலும் போட்டோ எடுத்துக்கோங்க. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு மெயில் பண்ணினா எங்க, எந்த வருஷம் வளையம் போட்டதுன்னு தேடிச் சொல்லுவாங்க. பதில் வர நாளாகும், விடாம ஞாபகப்படுத்துங்க.